அத்தை முகம் போட்ட கேசட்

கேசட் டப்பாவுக்குள் மடித்து வைக்கும் அட்டை அது. அதன் மூலையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு வட்டம், வட்டத்துக்குள் மூக்குத்தி போட்ட ஒரு பெண்ணின் முகம். போன மாதம் ஒக்கூரிலிருந்து வந்த ஒரு தம்பி அதைத் தன் போனில் காட்டினார். நாட்டுப்புறப் பாட்டுகளைப் பதிவு செய்து வெளியிட ஒரு சின்ன கம்பெனி தொடங்கப் போகிறாராம். காரைக்குடியில் நான் வைத்திருக்கும் டிசைன் கடைக்கு லோகோ கேட்டு வந்திருந்தார். ஊர் உலகத்து இசைத்தட்டு லோகோக்களையெல்லாம் இணையத்தில் தேடி, ஐடியாவுக்கு என்று சேர்த்து வைத்திருந்தார். சிறகு, சூரியன், கொம்பு ஊதும் ஆள், நடுவில் இந்த அட்டை. "இதுதான்க்கா ரொம்பப் பிடிச்சிருக்கு. இந்த மூஞ்சிய அப்படியே புதுசா வரைஞ்சு குடுத்துருங்க" என்றார். அது என் அத்தையின் முகம். அப்பாவின் அக்கா.

அத்தையின் கணவருக்கு, என் மாமாவுக்கு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை. சொந்தமாகக் கேசட் போட்டு விற்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கிறுக்கு. அத்தை தாலாட்டும் பாடுவாள், ஒப்பாரியும் பாடுவாள். விற்கிறது ஒப்பாரிதான் என்று மாமா முடிவு செய்தார். லோகோவுக்கு அவர் பட்ட பாடு இருக்கிறதே! கானாடுகாத்தானில் பெரிய வீடுகளைப் பிரித்து விற்கிறவர்களிடம் பழைய கிராமபோன் தட்டுகளை வாங்கி வந்து கூடம் முழுக்கப் பரப்பினார். பாட்டுக் கேட்க இல்லை, அந்த மெஷினே வீட்டில் கிடையாது. தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தைப் பார்க்கத்தான். மயில், வீணை, தேவதை, சிங்கம். ஓவியம் படித்துக்கொண்டிருந்த நான் ஒவ்வொன்றாக வரைந்து காட்டினேன். எதுவும் பிடிக்கவில்லை அவருக்கு. "பெரிய வீடுகள்ல முகப்புலயே அவுக படத்தத்தான மாட்டியிருக்காக? நம்ம கம்பெனிக்கு உங்க அத்தை படம்தான் மரியாதை" என்றார். அத்தையைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. சுவரில் இருந்த கல்யாணப் படத்தைக் கழற்றி, கண்ணாடியைப் பிரித்து, அவள் முகத்தை மட்டும் வட்டமாகக் கத்தரித்தார். அச்சுக்குப் போன அந்தத் துண்டு திரும்பி வரவே இல்லை.

கேசட் நன்றாகப் போனது. சாவு வீடுகளில் பாட்டுப் போடும் ரேடியோ செட்காரர்களுக்கு மாமா அதே முகத்தை ஸ்டிக்கராக அடித்துக் கொடுத்தார், அவர்களும் ஸ்பீக்கர் பெட்டிகளில் ஒட்டிக்கொண்டார்கள். புதுவயலில் சாவு விழுந்தாலும் சிவகங்கையில் விழுந்தாலும் பந்தலுக்கு முன்னால் அத்தை முகம் வந்து இறங்கியது. சாவு வீட்டு முகம் என்று அது ஜனங்கள் மனதில் பதிந்தும் போனது. அதற்குப் பிறகு தெருவில் அத்தை எதிரே வந்தால், நல்ல காரியத்துக்குக் கிளம்பியவர்கள் வீட்டுக்குள் திரும்பிப் போய், தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் புறப்பட்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தாலாட்டுப் பாடக் கூப்பிடுவது நின்றது. பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டில் யாரும் உட்காருவதில்லை. புருஷன் கல்லுக் குண்டாக இருக்க, பூவும் பொட்டுமாகப் போகிறவளைப் பார்த்து முகத்தைத் திருப்பினால் அவள் மனது என்ன பாடு படும்? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

"அந்தப் படத்த எடுத்துருங்க. என் மூஞ்சி எனக்கு வேணும்" என்று அத்தை மாமாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த தடவை மாற்றிவிடுகிறேன் என்பார் அவர். கடைகளிலோ 'பொம்பளை படம் போட்ட கேசட்' என்றுதான் கேட்டு வாங்கினார்கள். மாற்றினால் யார் வாங்குவார்கள்? மாமா கெட்டவர் இல்லை. கடைசிவரை அதை மரியாதை என்றே நம்பியவர். ஒரு நாள் அத்தை கேட்பதை நிறுத்தினாள். பீரோவுக்குப் பின்னால் மாமா மறைத்து வைத்திருந்த கல்யாணப் படத்தை எடுத்துப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். அதில் மாமா மாலையும் கழுத்துமாக நிற்பார். பக்கத்தில் பட்டுச்சேலை, மாலை, அதற்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஓட்டை வழியாகச் சுவர் தெரியும். "வர்றவுக பாக்கட்டும்" என்றாள்.

என் கல்யாணத்துக்கு அத்தை பட்டுச்சேலை எடுத்து வைத்திருந்தாள். அம்மா அவள் வீட்டுக்கே போய், "தப்பா எடுத்துக்கிறாதீக மதினி. மாப்பிள்ளை வீட்டுக்காரவுக ஏதும் சொல்லிருவாகளோன்னு இருக்கு" என்று இழுத்தாள். "நான் அடுப்படிப் பக்கம் இருந்துக்கிறேன்" என்றாளாம் அத்தை. அதுவும் வேண்டாம் என்று சொல்லாமல் அம்மா நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். அத்தைக்குப் புரிந்தது. தாலி ஏறும்போது, அத்தை நிற்க வேண்டிய இடத்தில், எனக்குப் பின்னால் விளக்குப் பிடித்தவள் யாரோ தூரத்துச் சொந்தம். எனக்கு அவள் பெயர்கூட நினைவில்லை.

கேசட் காலம் முடிந்தும் அந்தப் பேச்சு போகவில்லை. அத்தை வீட்டைவிட்டு வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டே வந்து, மாமாவுக்கு முன்பே போய்ச் சேர்ந்தாள். பிள்ளை இல்லை. ஐஸ் பெட்டியில் அவளைக் கிடத்தியிருந்தோம். ரேடியோ செட் போட வந்த பையன் வெளியூர், ஒன்றும் தெரியாதவன். பென் டிரைவைச் செருகிவிட்டான். அம்மாவைப் பறிகொடுத்த மகள் அழுகிற பாட்டு, அத்தையின் குரலில் ஸ்பீக்கர் குழாயிலிருந்து வந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினான். அப்புறம் அந்தப் பந்தலில் ஒரு சத்தமும் இல்லை. பாடத் தெரிந்தவர்கள் அங்கே யாருமே இல்லை. இத்தனை வருஷமாகத்தான் எல்லா வீட்டிலும் இவளே பாடிவிட்டாளே. அந்த அமைதியைத் தாங்கவே முடியவில்லை. மாமா தலையைத் தூக்காமலே, "போட்டு விடப்பா" என்றார். தன் சாவுக்கும் தானே அழுதாள் என் அத்தை.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சொன்னேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "எங்கப்பா எறந்தப்ப செட்டுல இந்தப் படம் ஒட்டியிருந்துச்சுக்கா. சின்னப் பிள்ளைல பாத்தது. நெசமான ஆளுன்னே எனக்குத் தெரியாது" என்றார். வேறு ஏதாவது போதும் என்றவருக்கு ஒரு பறவை வரைந்து கொடுத்தேன்.

மாமாவும் போன பிறகு அந்தக் கல்யாணப் படத்தை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மேஜை இழுப்பறையில் கேசட் அட்டை ஒன்றும் இருக்கிறது. அந்தத் தம்பி வந்துபோன அன்று சாயங்காலம் அதை ஸ்கேன் செய்து, முகத்தை அந்த ஓட்டையின் அளவுக்குப் பெரிதாக்கினேன். மலிவு அச்சு, பெரிதாக ஆகக் கறுப்புப் புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போயின. முதலில் மூக்குத்தி போனது, அப்புறம் கண். ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தும் அளவு வந்தபோது அங்கே புள்ளிகள்தான் இருந்தன, அத்தை இல்லை. படத்தை இருந்தபடியே ஆணியில் மாட்டினேன்.