சண்முகத்தாய் எடுத்த சட்டை

இந்த வருஷம் சித்திரை ஒண்ணு திங்கட்கிழமை வந்தது. கம்பெனியில் சனிக்கிழமையும் லீவு விட்டுவிட்டார்கள். சேர்ந்தாற்போல மூன்று நாள். பட்டாசு வேலை பார்க்கிற எங்களுக்கு இது லேசில் வாய்க்காது.

திருத்தங்கலில் எங்கள் எதிர்வீடு சண்முகத்தாய் வீடு. இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கிறோம். "நானும் அவுகளும் திருச்செந்தூர் போறோம்க்கா" என்றாள். "வேன் எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். எங்கள் பக்கம் திருச்செந்தூர் என்றால் மொட்டை, காதுகுத்து, முப்பது பேர், ஒரு அண்டா புளிச்சோறு.

"வேன் இல்லக்கா. நாங்க ரெண்டு பேரும் பஸ்ல போறோம். கடல் பாக்க."

நான் சிரித்துத் தொலைத்தேன். "நாப்பத்தாறு வயசுல ஒனக்குத் தேனிலவு கேக்குதோ?"

"கல்யாணமாகி இருபத்தஞ்சு வருசத்துல நாங்க ரெண்டு பேர் மட்டும் போன ஒரே எடம் மதுரை ஆஸ்பத்திரிதான்க்கா" என்றாள்.

அந்த ஆஸ்பத்திரிக் கதை தெருவுக்கே தெரியும். அவள் புருஷன் சங்கிலிமுத்து ஏழு வருஷத்துக்கு முன்னால் வெடிமருந்து கலக்கிற ரூமில் வேலை பார்த்தார். அங்கே காட்டன் துணி போட்டுத்தான் போக வேண்டும். பாலியஸ்டர் கலந்திருந்தால் நெருப்புப் பட்டதும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அவர்களுடைய கல்யாண நாளுக்கு இவள் ஆசையாக ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தாள். கடைக்காரர் காட்டன் என்றார், இவளும் நம்பினாள். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் வேலைக்குப் போனார். அன்றைக்குத்தான் ரூம் தீப்பிடித்தது. உயிர் தப்பினார், ஆனால் முதுகு முழுக்க வெந்துபோனது.

அதற்குப் பிறகு அவள் அவருக்கு ஒரு துண்டுகூட எடுத்ததில்லை. அவரும் வீட்டுக்குள்ளேயே கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டுதான் இருப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதுகை அவளுக்குக் காட்டவே இல்லை. தன் மேல் உள்ள கோபத்தில்தான் மறைக்கிறார் என்று இவளாக முடிவு கட்டிக்கொண்டாள். அதை நேருக்கு நேர் கேட்டுவிடத்தான் இந்தப் பயணம். இங்கே பிள்ளைகளும் நாங்களும் சுற்றி இருக்கையில் எங்கே கேட்பது?

போன இடத்திலும் இரண்டு நாள் கேட்க வாய் வரவில்லை என்று திரும்பி வந்தபின் என்னிடம் சொன்னாள். நம் ஊர் வெயில் சுள்ளென்று அடித்தாலும் நிழலுக்கு வந்தால் விட்டுவிடும். கடற்கரைப் புழுக்கம் நிழலிலும் பிசுபிசுவென்று பிடித்துக்கொண்டது. வெந்த தோலுக்கு வியர்க்காது, அரிப்புதான் உயிரை வாங்கும். மனுஷன் லாட்ஜ் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு கிடந்தார். கோயிலுக்குள் ஆண்கள் சட்டையோடு போகக் கூடாது என்பதால் வாசலில் நின்றே கும்பிட்டார். ஊரே கடலில் குளிக்க, இவர் முழுக்கைச் சட்டையோடு மணலில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் அவரே, "தாங்க முடியல. வா புள்ள, எறங்குவோம்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சட்டையோடு இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் ஒரு அலை தலையோடு அடித்தது. ஈரச் சட்டை முதுகில் அப்பிக்கொண்டது. பொத்தான்களைக் கழற்றிவிட்டார். ஆனால் இறுகிப்போன தோள், கை பின்னால் போகவில்லை.

"உரிச்சு விடு."

ஆஸ்பத்திரியில் அந்தச் சட்டையைத் துண்டு துண்டாக உரித்தெடுத்தபோது பக்கத்தில் நின்றவள் அவள். "என்னால முடியாதுங்க" என்று அழுதாள். "நான் எடுத்த சட்டைதான ஒங்கள இப்பிடி ஆக்குச்சு. எம்மேல கோவம்னா வாய்விட்டுச் சொல்லிருங்க."

"கோவமா? கிறுக்கச்சி" என்றார். "தொட்டதுமே தெரியும், அது காட்டன் இல்லன்னு. பதினெட்டு வருசம் அந்த ரூம்ல இருந்தவனுக்குத் துணி தெரியாதா? நீ அம்புட்டு சந்தோசமாக் குடுத்த. ஒரு நாள்தானன்னு போட்டுட்டுப் போயிட்டேன்."

"பெறகு ஏன் முதுக மறைச்சீக?"

"பாத்தா நீ அழுவ. அதுக்குத்தான்."

இப்போதும் அவள் அழுதுகொண்டுதான் நின்றாள். "இது காட்டன்தான் புள்ள. இழு, வந்துரும்" என்றார். இழுத்தாள். வந்துவிட்டது. ஏழு வருஷம் கழித்து அந்த முதுகைப் பார்த்தாள். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். கையிலிருந்த சட்டை எப்போது நழுவியது என்று இருவருக்கும் தெரியாது. அலை கொண்டுபோய்விட்டது.

கரையில் ஒரு துணிக் கடை இருந்தது. "எனக்கொரு சட்டை எடு" என்றார்.

"நீங்களே பாத்து எடுங்க."

"நீதான் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, கடைக்கும் கூட்டத்துக்கும் முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்றுகொண்டார்.

சண்முகத்தாய் ஒவ்வொரு சட்டையாக விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள். "எல்லாம் காட்டன்தான்க்கா" என்றான் கடைக்காரன். அவள் ஒரு சட்டையின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினாள். அவனிடமே தீப்பெட்டி வாங்கி, காற்று படாமல் உள்ளே திரும்பி நின்று கொளுத்தினாள். பாலியஸ்டர் என்றால் உருண்டையாக உருகி நிற்கும். இது சாம்பலாகி விரலில் ஒட்டியது.

"இதக் குடுங்க" என்றாள்.