அப்பாவின் வலது பாதம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் அப்பா ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் அப்போஸ்தலர் ஆனார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில் பங்குச் சாமியார் பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்கார வைத்து, இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, காலைக் கழுவி முத்தமிடுவார். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளும் பெரும்பாலும் நிலபுலன் உள்ள வீடுகளுக்கே போகும். அந்த வருடம் ஒருவர் வெளியூர் போய்விட்டதால் ஒரு நாற்காலி காலியானது. குத்தகைக்குத் திராட்சைத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவை அதற்கு எடுத்திருப்பதாக, கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் வீட்டுக்கே வந்து சொன்னார். அன்று அப்பா இரண்டு முறை குளித்தார்.

அதற்குப் பத்து நாள் முன்பே அம்மாவின் கால் உடைந்திருந்தது. உடைந்தது என்று எங்களுக்குத் தெரியாது. கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போய்வரும் ஜீப்பிலிருந்து இறங்கும்போது, அவள் ஒரு காலை ஊன்றுவதற்குள் டிரைவர் வண்டியை நகர்த்திவிட்டான். பாதம் உட்பக்கமாக மடங்கி, உடம்பு அதன்மேல் விழுந்தது. மார்க்கையன்கோட்டையிலிருந்து சுளுக்கு எடுப்பவர் வந்தார். எண்ணெய் தடவி, குதிகாலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். "வழிக்கு வந்துருச்சு" என்றார் அவர்.

வரவில்லை. கணுக்காலின் மொளி எலும்பு வீக்கத்துக்குள் காணாமல் போனது. ரத்தம் கட்டிய நீலம் மெல்ல இறங்கிச் சுண்டுவிரல்வரை வந்தது. வீக்கத்தில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அப்பாவின் கவலை வேறு. தோட்டத்து ஈரத்திலேயே நின்று அவர் குதிகால்கள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. சாமியார் உதடு படப்போகிற கால் இப்படியா இருப்பது? தினமும் அம்மா உப்புப் போட்ட வெந்நீரில் அவர் காலை ஊறவைத்து, மடியில் ஏந்திக் கல்லால் தேய்த்தாள். தன் காலைப் பக்கவாட்டில் நீட்டி வைத்துக்கொண்டுதான் தேய்த்தாள்.

"மெதுவாத் தேய்யி, வலிக்குதுல்ல" என்பார் அப்பா.

புதன்கிழமை காலையில் அவளால் அடுப்படிக்கு நடக்க முடியவில்லை. "என்னங்க, இன்னைக்கே தேனி ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா? உள்ளுக்குள்ள என்னமோ நகருது" என்றாள்.  அப்பா கொடியிலிருந்து சட்டையை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டால் அப்பாவும் அங்கேயே இருக்க வேண்டியிருக்கும் என்பது எனக்குச் சட்டென்று புரிந்தது. வகுப்பில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். "அப்ப நாளைக்கு அப்பா நாற்காலில யாரு உக்காருவாக?" என்று வாசலில் விழுந்து புரண்டு அழுதேன். அப்பா சட்டையோடு நின்றார். அம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"சரி, பண்டிகை முடியட்டும்" என்றாள்.

அப்பா சட்டையைத் திரும்பக் கொடியில் போட்டார்.

மறுநாள் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டே கோயிலுக்கு வந்தாள். பின்னால் பெண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். முன்னால் இருந்த ஒருத்தி திரும்பி, "ஏத்தா, பீடத்தப் பாத்துக் கால நீட்டாத, மடக்கு" என்றாள். அம்மா இரண்டு கையாலும் தூக்கி மடக்கிக்கொண்டாள். சாமியார் ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டபடி வந்தார். அப்பாவின் வலது பாதம் வெள்ளைத் துண்டின்மேல் குழந்தையின் பாதம்போல இருந்தது. அவர் அழுதார். நானும் பெருமையில் அழுதேன். அம்மா அழுதது எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை.

ஈஸ்டர் முடிந்த செவ்வாயன்று தேனிக்குப் போனோம். டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முழங்காலிலிருந்து இறங்கும் இரண்டு எலும்புகளும் இடுக்கிபோலச் சேர்ந்து பாதத்தின் எலும்பைப் பிடித்திருக்க வேண்டுமாம். வெளிப்பக்க எலும்பு உடைந்து, இடுக்கி விரிந்து, அந்தக் கோணலிலேயே ஒட்ட ஆரம்பித்திருந்தது.

"முதல் நாளே வந்திருந்தா மாவுக்கட்டோட போயிருக்கும். ஏன் இத்தன நாளு வரல?"



"நாந்தேன் சார் வரமாட்டேன்னேன்" என்றாள் அம்மா. "ஆஸ்பத்திரின்னாப் பயம். இவுக தெனமும் கூப்பிடத்தேன் செஞ்சாக."

மறுபடி உடைத்துச் சேர்க்க மதுரைக்குப் போகச் சொன்னார்கள். யாரும் போகவில்லை. அம்மாவின் பாதம் வெளிப்பக்கம் திரும்பியபடியே நின்றுவிட்டது. ஜீப்பின் உயரத்துக்கு அந்தக் காலைத் தூக்கி வைக்க அவளால் பிறகு முடியவே இல்லை.

அடுத்த மாதம், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் கேட்ட பொய் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஈஸ்டர் வாரத்தில், அதுவும் டாக்டரிடம்! மண்டியிட்டு, "சாமி, எங்கம்மா பொய் சொல்லிட்டாக" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியார் கடைசிவரை கேட்டார். பிறகு, "அது கெடக்கட்டும். ஒன் பாவத்தச் சொல்லும்மா" என்றார்.

நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சாமி" என்றேன்.