தூரதேசத் தலைவியின் விளக்கு

பயந்து பயந்துதான் அந்த நாடகத்தையே எழுதினேன். எங்கள் ஆட்களின் கதையைத் தொட்டால் வில்லங்கம் என்று, கடல் தாண்டி எங்கோ ஒரு நாட்டை ஆண்ட தலைவியின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன். மேடையில் நான் ஒருத்திதான். அப்படியும் மாங்குளத்தில் எங்கள் வீட்டு வாசலில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் சிவில் உடுப்பில் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்கள்.

"இது ஆற்ற கதை, அக்கா?"

"வெளிநாட்டு ஆள்."

"நல்லது. நாங்களும் வந்து பாக்கிறம்."

அம்மா வாசலுக்கு வந்து மோட்டார் சைக்கிள் போன பக்கத்தைப் பார்த்தார். அண்ணா காணாமல் போன நாளிலிருந்து அவனுடைய படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்த் திரிகிறவர் அவர். இப்படி வருகிறவர்களை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கிளிநொச்சி மண்டபத்தில் அந்த இரண்டு பேரும் முன்வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். ஆனாலும் பாதி நாடகம் ஒழுங்காகவே போனது. தலைவியின் கணவன் சுடப்பட்ட இடம் வந்தது. அவள் மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். மெழுகுதிரியை நான் வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன். மண்டபத்தில் கிடந்த சின்ன மண் சிட்டி விளக்கொன்றை எடுத்து எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். என்ன புத்தியோ!

விளக்கை ஏற்றிவிட்டுத் தலை குனிந்தேன். கதிரைகள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், சனம் எழும்பி நிற்கிறது. எங்கள் பக்கத்தில் சிட்டி ஏற்றி ஒருவர் மௌனமாக நின்றால் போதும், போரில் செத்தவர்களுக்கு அஞ்சலி என்று எல்லோரும் எழும்பிவிடுவார்கள். யாருக்கு என்று கேட்பதில்லை, அவரவருக்கு ஓர் ஆள் இருக்கிறது. முன்வரிசையில் அந்த இரண்டு பேரில் ஒருவன் கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். இப்படி விளக்கேற்றியதற்கே ஆட்களைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அடுத்த வசனத்தைச் சொன்னால் சனம் கதிரையில் இருந்துவிடும். ஒரு சொல்லும் வரவில்லை. விளக்கை அணைக்கவும் கை எழவில்லை. அத்தனை பேர் கண்கலங்கி நிற்கும்போது எப்படி அணைப்பது?

நாடகம் பார்க்க வந்த சனத்தில் எழும்பாமல் இருந்தது அம்மா ஒருவர்தான். அண்ணா உயிரோடு இருக்கிறான் என்று நம்புவதால் அவர் எந்த அஞ்சலிக்கும் எழும்புவதில்லை. இப்போது அவரும் எழும்பினார். அண்ணாவைச் செத்தவன் என்று ஒப்புக்கொண்டுவிட்டாரா?

அவர் நேரே மேடைக்கு ஏறி வந்தார். விளக்கை வாயால் ஊதக் கூடாது என்று சின்ன வயதில் எனக்கு அடித்த அம்மா, குனிந்து அதை ஒரே ஊதாக ஊதி அணைத்தார். "இருங்கோ, இது நாடகம்," என்று சனத்துக்குச் சொன்னார். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்:

"ஒரு பிள்ளையைத் தேடுறதே எனக்குப் போதும்."