பேமிற் கேட்ட கள்ளன்

நெடுங்கேணிப் பக்கம் நாங்கள் மீளக் குடியேறிய இரண்டாவது வருடம், பட்டப்பகலில் எங்கள் குசினிக்குள் ஒரு கள்ளன் வந்தான். தலையில் ஹெல்மெற், கையில் இறைச்சி வெட்டும் கத்தி. வீட்டில் நானும் சின்னம்மாவும் மட்டும். சின்னம்மா திருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவினார். துருவியதை நான் களவாகத் தின்றுகொண்டிருந்தேன். ஆக, கள்ளர் இரண்டு பேர்.

“பேமிற்றை எடு” என்றான், குரலை மாற்றி.

பேமிற் என்பது வயற்காணிக்கு அரசாங்கம் கொடுத்த பத்திரம். சித்தப்பா செத்த பிறகு அந்த இரண்டு ஏக்கருக்கும் சின்னம்மாவிடம் இருந்த ஒரே பிடி அது. போனால் திரும்பவும் மூட்டை கட்டவேண்டியதுதான்.

“எடுக்கிறன் தம்பி, அவசரப்படாதை” என்று எழும்பிய சின்னம்மா, திருவலையை இரண்டு கையாலும் தூக்கி வீசி அடித்தார். அலகு அவனுடைய வலது மணிக்கட்டைக் கிழித்தது. கத்தி விழுந்தது. வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினான். அவன் ஓடிய விதத்தையே சின்னம்மா கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னம்மா கேட்டவன்?” என்றார், பின்னேரம் விசாரிக்க வந்த பொலிஸ்காரர்.

“சங்கிலி, ஐயா.”

அவர் சின்னம்மாவின் வெறும் கழுத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். “இல்லை, பேமிற்…” என்று நான் தொடங்க, தொடையில் கிள்ளு விழுந்தது. அன்றிலிருந்து கள்ளனை விட்டுவிட்டுச் சின்னம்மாவைத்தான் சந்தேகப்பட்டேன். பொய் சொன்னால் சோறில்லை என்று எனக்குச் சட்டம் போட்டவர் பொலிஸுக்கே பொய் சொல்கிறார் என்றால், ஏதோ இருக்கிறது.

நாலாம் நாள் சித்தப்பாவின் அண்ணன் சுகம் விசாரிக்க வந்தார். வலது கையில் துணிக்கட்டு.

“முள்ளுக்கம்பி கீறிப்போட்டுது” என்றார், கேட்காமலே.

சின்னம்மா கதிரை போட்டார். தேத்தண்ணீர் கொடுத்தார். பிறகு ஆறுதலாகக் கேட்டார்:

“அத்தான், எங்கட திருவலை கறள் பிடிச்ச இரும்பு. ஏற்பு வராமல் ஊசி போட்டனீங்களோ?”

“ஓம், அண்டைக்கே போட்டிட்டன்.”

சொன்னவருக்குப் புரைக்கேறியது.

“நல்லது. பேமிற்றும் கந்தோரிலை பேர் மாத்தக் குடுத்தாச்சு” என்றார் சின்னம்மா.

வந்தவர் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு, செருப்பையும் மறந்து போனார். நான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். இடது கையால் வாங்கினார், முகத்தைப் பார்க்கவில்லை.

“பாவம், சரியா நோகுது போல” என்றேன், திரும்பி வந்து.

சின்னம்மா அவர் குடித்த கோப்பையை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு உள்ளே போனார். உடையாத, நல்ல கோப்பை. வீட்டில் இருந்ததே மூன்று. சின்னம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, பேசாமல் போய்ப் பொறுக்கி வந்து, கழுவி, பழைய இடத்தில் வைத்தேன்.