சிகாகோவுக்கு மேலே ஒரு புள்ளி

மில்வாக்கியின் தெற்குப் பக்கத்தில், லிங்கன் அவென்யூவில் மதுக்கடை வைத்திருப்பவன் நான். பெயர் ஜீன். வெள்ளிக்கிழமைகளில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு அடையும் உண்டு. மற்ற நாட்களில் பியரும் ஊர் வம்பும். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது என் தொழிலில் பாதி. எவ்வளவு நுழைத்தும் எனக்குப் பிடிபடாத ஒரே ஆள் மார்லீன் கட்ஸ்கே.

அவளும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவள் அப்பா தோல் ஆலையில் வேலை பார்த்தார். அவள் இருபத்தைந்து வயதில் தபால் வேலையில் சேர்ந்தாள். முப்பத்தாறு வருடமாக அதே பதினொரு தெருக்கள். எந்த வீட்டில் யார் யாருக்குக் கடன் நோட்டீஸ், யாருக்குக் காதல் கடிதம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் தலைகீழாக நின்று கேட்டாலும் ஒரு வார்த்தை வராது. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அவள் கணவன் ரே, பனி தாங்கவில்லை என்று ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டான். "அவனுக்குப் பனி பிடிக்கல. எனக்குப் பனி பிடிக்கும், அவனைத்தான் பிடிக்கல. அதோட முடிஞ்சது" என்பாள்.

சனிக்கிழமைகளில் அவள் வேறு ஆள். எங்கள் பக்கத்தில் ஒரு சின்னக் கால்பந்து அணி உண்டு. சட்டையில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரை, அதனால் நாரை அணி. மூன்றாம் நிலை லீக். எண்ணூறு பேர் வந்தால் அன்று திருவிழா. அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் மஞ்சள் சட்டையோடு நின்று, இடுப்பளவு டிரம்மைப் பத்தொன்பது வருடமாக அடித்து வருகிறாள். தபால் பை தொங்கி இடது தோள் இறங்கியிருந்தது. டிரம் தொங்கி வலது தோளும் இறங்கி இப்போது இரண்டும் சமமாகிவிட்டது.

எனக்கு அந்த ஆட்டம் ஏறவே ஏறாது. எங்கள் மாநிலத்தில் பிறந்தவனுக்கு முட்டை வடிவப் பந்தும் ஹெல்மெட்டுமாக ஆடும் அமெரிக்க ஃபுட்பால்தான் சாமி. தொண்ணூறு நிமிடம் ஓடிவிட்டு, ஒரு கோலும் போடாமல் கைகுலுக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்க டிக்கெட் வேறு எதற்கு என்று கேட்பேன். அவள் என்னைக் கடையின் நாற்காலியைப் பார்ப்பது போலப் பார்ப்பாள்.

இப்படிப்பட்டவளுக்குப் பன்னிரண்டு வருடமாக ஒரே ஆசை. மில்வாக்கிக்கு முதல் நிலை லீக் அணி ஒன்று வர வேண்டும்.

"தொண்ணூறு மைல் தெக்கால சிகாகோல ஒண்ணு இருக்கே, ஒன்றரை மணி நேரத்துல போயிடலாமே" என்றேன் ஒருநாள், வேண்டுமென்றே.

"சிகாகோக்காரனுக்கு நான் கைதட்டணுமா? யோவ் ஜீன், அதுக்கு என் கை ரெண்டும் அழுகிப் போகட்டும்."

"சரி, எதுக்குத்தான் இப்படி அலையற? உன் நாரையே போதாதா?"

அவள் பியரைத் தள்ளி வைத்துவிட்டுக் காகித நாப்கினில் படம் போட்டாள். "டிவில லீக்கோட மேப் காட்டுவான் பாரு. ஊருக்கு ஒரு புள்ளி. சிகாகோல ஒண்ணு. அப்புறம் நேரா மினசோட்டால ஒண்ணு. நடுவுல? ஒண்ணுமே கிடையாது. நாம என்ன ஏரிக்குள்ள முழுகியா கெடக்கோம்? முப்பத்தாறு வருஷமா இந்த ஊர் விலாசத்தை நான் கையில வச்சுப் படிக்கிறேன்யா. இங்க ஆள் இருக்குன்னு அவனுக்குத் தெரியணும்."

ஒரு புள்ளிக்காகவா என்று தோன்றியது. ஆனாலும் அந்த நாப்கினை நான் எறியவில்லை.

அணி இப்படித்தான் வரும்: பணக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து கேட்க வேண்டும், நகர மன்றம் மைதானத்துக்கு இடம் தர வேண்டும், ஊர் மக்களுக்கு ஆசை இருப்பதையும் காட்ட வேண்டும். ஆசையைக் காட்டுவதற்கு ஒரு மஞ்சள் அட்டை. பெயர், விலாசம், "அணி வந்தால் நான் வருவேன்" என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. பிறக்காத பிள்ளைக்கு ஊர் கூடித் தொட்டில் கட்டுவது எங்கள் நாட்டில் மட்டும்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

சீருடையில் இருக்கும்போது தபால்காரர் வீட்டு வாசலில் எதையும் கேட்கக் கூடாது. அது சட்டம். அதனால் மார்லீன் வாரத்தில் ஆறு நாள் கடிதம் போட்ட அதே தெருக்களில், ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் சட்டையோடு மறுபடி நடந்தாள். வருடக்கணக்காக அவளைக் கண்டால் குரைத்த நாய்களெல்லாம் மஞ்சள் சட்டைக்கு வாலாட்டின. "இத்தனை வருஷமும் அந்தத் தபால் சட்டையைத்தான்யா கடிக்க வந்திருக்குதுங்க" என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

மக்கள் கையெழுத்துப் போட்டார்கள். கால்பந்துக்காக அல்ல, கேட்டவள் மார்லீன் என்பதற்காக. தவறான வீட்டில் ஒரு கடிதத்தைக்கூடப் போடாதவள் கேட்டால் யார் மறுப்பார்கள்? இரண்டு குளிர்காலத்தில் ஆயிரத்துக்கு மேல் அட்டைகள் சேர்ந்தன. நானும் போட்டேன். என் சுயநலத்தை மறைப்பானேன், மைதானம் வரப்போகும் இடம் என் கடையிலிருந்து மூன்று தெரு தள்ளி.

வாசலில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பெரிசு வந்தா நம்ம நாரைங்க என்ன ஆகும்? அதற்கு மார்லீனிடம் பதில் இருந்தது. பணக்காரர் குழுவின் ஆள், பிராடி என்பவர், புது பூட்ஸோடு என் கடைக்கு வந்து மீன் சாப்பிட்டுக்கொண்டே சொன்ன பதில் அது. "நாரை அணி எங்கயும் போகாதும்மா. அதுதான் நாற்றங்கால். உங்க தெருப் பசங்க அங்கேருந்து நேரா பெரிய அணிக்கு வருவாங்க." நான் பக்கத்தில்தான் நின்றேன். என் காதாலேயே கேட்டேன். மார்லீன் அதை ஒரு எழுத்து மாற்றாமல் ஆயிரம் வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

நகர மன்றத்தில் ஓட்டெடுப்புக்கு முன்னால் மக்கள் பேசலாம். ஆளுக்கு இரண்டு நிமிடம். மைக்குக்கு மேலே பச்சை விளக்கு எரியும், மஞ்சளாகும், சிவப்பானால் உட்கார வேண்டும். ஆதரவா எதிர்ப்பா என்று சீட்டில் டிக் போட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். மார்லீன் ஆதரவில் டிக் போட்டாள். விடுப்பு எடுத்து, தலை சீவி, லிப்ஸ்டிக் போட்டு வந்திருந்தாள்; நான் பார்த்து அதுதான் முதல் தடவை. மஞ்சள் அட்டைகள் அடங்கிய பெட்டி குமாஸ்தாவின் மேஜையில் இருந்தது.

அவள் முறை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், கவுன்சிலர் செபுல்வேதா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குழுவின் வக்கீலிடம் கேட்டார்: "ஒப்பந்தத்தோட நாற்பதாம் பக்கத்துல ஒரு வரி இருக்கு. இதே ஊர்ல இருக்கிற வேற தொழில்முறை அணியைப் பத்தி. அப்படின்னா என்ன?"

வக்கீல் தொண்டையைச் செருமினார். "நாரை அணியோட உரிமையை நாங்க வாங்கிட்டோம். புது அணி வந்ததும் அதுக்கு... ஓய்வு கொடுப்போம்."

"ஓய்வுன்னா?"

"இருக்காதுங்க."

நான் மார்லீனைப் பார்த்தேன். பிராடி தன் பூட்ஸைப் பார்த்தார்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்குக்குப் போனாள். பச்சை விளக்கு எரிந்தது. அதில் பாதி நேரம், எழுதி வந்த காகிதத்தை மடித்து மடித்துச் சிறிதாக்கினாள்.

"நான் தபால் போடறவ" என்றாள் கடைசியில். "கடிதம் தப்பான வீட்டுக்குப் போயிட்டா, அத எழுதினவன் பொறுப்பில்ல, வாங்கினவங்களும் பொறுப்பில்ல. போட்டவதான் திரும்பப் போய் எடுத்துட்டு வரணும். நான் ஆயிரம் வீட்டுல தப்பான சேதியப் போட்டுட்டேன். அந்தப் பெட்டிய எனக்குத் திருப்பிக் கொடுங்க. ஒவ்வொருத்தருக்கும் சரியானதச் சொல்லிட்டு, அதுக்கப்புறமும் போடறவங்களோடத மட்டும் கொண்டுவரேன்."

பிராடி எழுந்துவிட்டார். "மேடம், லீக் இந்த மாசக் கடைசிவரைக்கும்தான் டைம் குடுத்திருக்கு! உங்களால இந்த ஊரோட வாய்ப்பே போயிடும்!"

"போகட்டும்னு நான் சொல்லல தம்பி. நான் சொன்ன பொய்யால வர வேண்டாம்னு சொல்றேன்."

விளக்கு சிவப்பாகி வெகு நேரமாகியிருந்தது. உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. பெட்டிக்கு இன்னும் முத்திரை குத்தாததால் திருப்பித் தரலாம் என்றார் குமாஸ்தா. ஓட்டெடுப்பு இரண்டு வாரம் தள்ளிப் போனது. எனக்கு அவள்மேல் எரிச்சலாக வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடம் கட்டியதைத் தன் கையாலேயே உடைக்கிறாளே!

ஆனாலும் அவள் எப்படிச் செய்வாள் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. வேலை முடிந்து சீருடையைக் கழற்றிய பிறகு, தெருத்தெருவாக அவள் நடக்க, பின்னாலேயே நான் காரை உருட்டினேன். பிப்ரவரிக் காற்று மூக்கை அறுத்தது. ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தைகள்: "நான் சொன்னது தப்பு. பெரிய அணி வந்தா நாரை அணி இருக்காது. அட்டை இந்தாங்க. இன்னும் வேணும்னா மறுபடி கையெழுத்துப் போடுங்க."

சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி மார்லீனைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர் பேனாவை நீட்டி, "நீ சொன்னா போதும், எங்க போடணும்?" என்றார்.

"நான் சொன்னதாலதான் இந்த வினையே. நீங்களே படிங்க" என்றாள்.

அவர் உதட்டை அசைத்து அசைத்து முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "பெரிசு வந்தா சின்னது போவும்னு எனக்கு அப்பவே தெரியும்மா. வரட்டும். என் பேரனுங்க சிகாகோ சட்டை போட்டுட்டுத் திரியறானுங்க, பாக்க முடியல."

அப்படித்தான் பெரும்பாலோர் சொன்னார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, மார்லீனுக்கு அதைவிட அதிகம். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பெட்டி முக்கால்வாசிக்கு மேல் நிரம்பிவிட்டது. ஊருக்கு அணி வந்துவிடும் போலத்தான் தெரிந்தது. என் அட்டையை என்னிடமே நீட்டினாள். மைதானமும் மீனும் கண்முன் வர, நானும் மறுபடி போட்டேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அவளை ஏற்றிவந்து அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அவள் உடனே இறங்கவில்லை. பையிலிருந்து ஒரே ஒரு அட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தாள். இரண்டு குளிர்காலத்துக்கு முந்தையது, ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. முதல் அட்டை, அவளுடையது.

"நான் உள்ள போய்க் கதவச் சாத்தறேன்" என்றாள். "நீ வந்து பெல்ல அடி. எனக்கும் யாராச்சும் சொல்லணும்ல?"

பைத்தியமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. படியேறி மணியை அடித்தேன். கதவு திறந்தது. முன்பின் தெரியாத ஆள் மாதிரி நின்றாள்.

"வணக்கம்மா" என்றேன். "உங்ககிட்ட சொன்னது தப்பு. பெரிய அணி வந்தா நாரை அணி இருக்காது. அட்டை இந்தாங்க. இன்னும் வேணும்னா மறுபடி கையெழுத்துப் போடுங்க."

அட்டையை வாங்கி நிதானமாகப் படித்தாள். படித்த வரியையே மறுபடி படித்தாள். பேனாவை நீட்டினேன். அவள் கை வரவில்லை.

"இல்லங்க" என்றாள். "எனக்கு வேண்டாம்."

பிறகு கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அழுதாள். நான் பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.

முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நாளைக்கு எத்தன மணிக்கு நகர மன்றம்?"

"பத்துக்கு. பெட்டிய நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன், நீ வராத."

"நீ தூக்கினா பனியில வழுக்கி எல்லாத்தையும் கொட்டிடுவ. அத்தனையும் ஜனங்க கைப்பட எழுதிக் குடுத்தது. நானே கொண்டுவந்து சேர்க்கறேன்" என்றாள். "சேர்த்துட்டு வந்து வரிசையில நிக்கறேன். எதிர்ப்புல டிக் போட்டு எனக்கொரு சீட்டு வாங்கி வை."