லிச்சிப் பெட்டிக்குள் போன கை

அவருடைய இடது மணிக்கட்டில் எப்போதும் ஒரு பழுப்பு டேப் சுருள் வளையல்போல மாட்டியிருக்கும். பெட்டியின் வாயை மூடி, சுருளை ஒரு சுற்று சுற்றி, பல்லால் கடித்து இழுத்தால் 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும். டில்லி விமான நிலையத்துக்குப் பக்கத்தில், மகிபால்பூரில் நாங்கள் பழமும் காய்கறியும் கட்டி விமானத்தில் ஏற்றி அனுப்பும் கூடத்துக்கு அவர் சூப்பர்வைசராக வந்த முதல் நாளே அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. கத்தரிக்கோல் இருக்கும்போது பல்லால் கடிப்பானேன்?

எனக்குச் சந்தேக புத்தி சின்ன வயதிலிருந்தே உண்டு. டில்லி ஜனக்புரியில் வளர்ந்த தமிழ்ப் பெண் நான். அப்பா மத்திய சர்க்கார் உத்தியோகம். வேலைக்காரி வந்து போனால் அம்மா ஸ்பூன்களை எண்ணிப் பார்ப்பாள். சூப்பர்வைசரோ கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்தில் பிறந்து, டில்லியில் தகரக் கூரைக் குடியிருப்பில் வளர்ந்தவர். இடையில் சில வருஷம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வந்தார். தமிழ்க்காரர் என்று தெரிந்தும் நான் அவரிடம் ஹிந்தியில்தான் பேசினேன். அதுவும் பெட்டிக் கணக்கு கேட்பதற்கு மட்டும். அவர் பதிலைத் தமிழில் சொல்வார், "மேடம்" போட்டு. அந்த மரியாதையையும் நான் நம்பவில்லை.

பெட்டிகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. லிச்சியைத் தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி, மேலே ஐஸ் பாக்கெட் வைப்பார்கள். அனுப்பும் சரக்கில் ஒரு பெட்டிக்குள் மட்டும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி ஒன்றை நான் வைப்பேன். லாகர் என்போம். வழி நெடுகப் பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று அது குறித்துக்கொண்டே போகும். ஷார்ஜா மாதிரி ஊர்களில் இறங்கியதும் கம்ப்யூட்டரில் செருகினால் ஒரு கோடாக விரியும். கோடு தரையோடு தரையாகப் போனால் சரக்கு குளிர்ச்சியாகவே போயிற்று என்று அர்த்தம். அதை இரண்டு ஐஸ் பாக்கெட்டுக்கு நடுவில் செருகி வைப்பது எங்கள் கூடத்து வழக்கம். அடிபடாமல் இருக்கும் என்று எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக் கொடுத்தார். நானும் ஏன் என்று கேட்டதில்லை.

சூப்பர்வைசர் வந்த பிறகு கோடு ஏறத் தொடங்கியது. டில்லி ஜூன் வெயிலில் விமானத்துக்குப் பக்கத்தில் சரக்கு காத்துக் கிடக்கும் நேரம் பார்த்துச் சரியாக ஏறும். இரண்டு தடவை அங்கே வாங்குகிறவர்கள் கோட்டைக் காட்டியே சரக்கை வேண்டாம் என்று திருப்பினார்கள். முதலாளி பஞ்சாபிக்காரர், எல்லோருக்கும் சார்ஜி. என்னை மகள் என்ற அர்த்தத்தில் 'பேட்டி' என்பார். அன்று கூப்பிட்டார். "பேட்டி, ஏதோ கட்பட், தில்லுமுல்லு நடக்கிறது. அந்த ஆள்மேல் ஒரு கண் வை" என்றார் ஹிந்தியில்.

ஒரு கண்ணா? கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, குளிர் அறையின் பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் ஸ்வெட்டரோடு நின்றுகொண்டு, கையில் தயிர்சாத டப்பாவுடன் வேவு பார்த்தேன். நினைத்தால் இன்று வெட்கம் பிடுங்குகிறது. நான் கையெழுத்துப் போட்டு ஒட்டிய பெட்டி ஒன்றை அவர் கீறித் திறந்தார். முழங்கை வரை கை உள்ளே போயிற்று, துழாவியது, வெளியே வந்தது. 'சர்ர்' என்று மறுபடி டேப்.

பழம் திருடுகிறார் என்று நினைத்தேன். ரகசியமாக அந்தப் பெட்டியை எடை போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் குறையவில்லை. அப்போதுதான் வேறு சந்தேகம் வந்தது. எடுக்கவில்லையென்றால் எதையாவது வைக்கிறாரா? விமானத்தில் போகும் பெட்டி, என் கையெழுத்து! மூன்றாம் நாள் போனில் படம் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் அவர் கையில் இருந்தது லாகர். எனக்குள் எல்லாம் பளிச்சென்று பொருந்திவிட்டது. யாரோ எதிர்க் கம்பெனிக்காரனிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு எங்கள் கோட்டைக் கெடுக்கிறார். படத்தைச் சார்ஜிக்கு அனுப்பினேன். அன்று மத்தியானமே அவருடைய விமான நிலையப் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அது போனால் அந்த வட்டாரத்தில் சரக்குக் கூடம் எதிலும் வேலை கிடைக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கேட்டுக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்து நின்றார். சண்டை போடுவார் என்று பயந்தேன். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே மேடம்" என்றார். "ஐஸுக்கு நடுவுல வெச்சா அது ஐஸு எவ்ளோ ஜில்லுன்னுதான் சொல்லும். பழம் எப்படியிருக்குன்னு எப்படிச் சொல்லும்? நான் எடுத்து ஓரத்துப் பழங்க நடுவுல வெச்சேன். அவ்ளோதான்."

அவரே தொடர்ந்தார். "ஷார்ஜாவுல பொட்டி பிரிக்கிற வேலைதான் எனக்கு. தொறந்தா பழம் கறுத்துப்போயி நாத்தம் அடிக்கும். லாகர் கோடு மட்டும் நேரா இருக்கும். அப்ப நீங்கதாண்டா வெயில்ல போட்டுட்டீங்கன்னு எங்க ஆறு பேரையும் வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. சார்ஜிகிட்ட ரெண்டு தபா சொன்னேன். அச்சா அச்சான்னாரு. உங்ககிட்ட சொல்லலாம்னா... நீங்கதான் எங்கிட்ட பேசவே மாட்டீங்களே."

சுருக்கென்று தைத்தது. நேரே சார்ஜி அறைக்குப் போனேன். சொன்னதைக் கேட்டு அவர் அதிரவில்லை, டீயைக் கீழே வைக்கவும் இல்லை. "தெரியும் பேட்டி. கோடு ஏறினால் வியாபாரம் படுத்துவிடும். ஆளை அனுப்ப ஒரு காரணம் வேண்டியிருந்தது" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "எனக்கு உன்மேல்தான் சந்தேகம் இருந்தது. இரண்டு பேரும் மதராஸி, ஒன்றாகச் சேர்ந்துகொண்டு மறைத்துவிடுவாயோ என்று பயந்தேன்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். என் ஜன்மத்தில் அப்படி ஒரு அவமானம் நான் பட்டதில்லை. சேர்ந்துகொள்வேனோ என்று அவராவது ஒரு நிமிஷம் நினைத்திருக்கிறார். எனக்கு அது தோன்றவே இல்லையே!

அன்று சாயங்கால விமானத்துக்குப் பெட்டிகள் தயாராக இருந்தன. லாகரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பழத்துக்கு நடுவிலா, ஐஸுக்கு நடுவிலா? வீட்டு லோன், பையன் படிப்பு என்று காரணங்கள் வரிசையில் வந்து நின்றன. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஐஸுக்கு நடுவில் வைத்தேன். கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கோடு கோலம் போட வைத்த புள்ளி வரிசைபோல நேராக வந்தது. சார்ஜி வாட்ஸப் குழுவில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

சூப்பர்வைசரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார் என்று ஒருத்தர் சொன்னார். முருங்கைக்காயும் காப்பிப்பொடியும் வாங்க மாதாமாதம் அங்கே போய்க்கொண்டிருந்தவள், இப்போது எல்லாவற்றையும் ஆன்லைனில் வரவழைத்துக்கொள்கிறேன்.

நான் இன்னும் அதே கூடத்தில்தான் இருக்கிறேன். நேற்றுகூட ஷார்ஜாவிலிருந்து ஒரு மெயில். பழம் கெட்டிருந்ததாம். லாகர் கோடு சரியாக இருப்பதால் எங்களைக் குறை சொல்ல வழியில்லையாம். பெட்டி பிரித்தவர்கள்மேல் நடவடிக்கை எடுத்துவிட்டார்களாம். எத்தனை பேர் என்று எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை. 'நன்றி' என்று பதில் போட்டேன்.