காணிக்கைப் பையில் மூன்றாவது சீட்டு

காணிக்கைப் பையின் சிவப்பு வெல்வெட்டில் எப்போதும் நாணய வாசம் அடிக்கும்... அதன் மரப்பிடி பலர் கை பட்டு வழவழவென்று இருக்கும். அன்று அந்தப் பைக்குள் காசு இல்லை. மடித்த சீட்டுகள்.

அம்பத்தூர் மேனாம்பேட்டில் எங்கள் சபை அப்போது சிறியது. ஆயரைப் பேராயர் நியமித்து அனுப்புவார். அவரோடு நிர்வாகம் பார்க்கும் குருசேகரக் குழுவையும் அதன் செயலரையும் சபையாரே வாக்களித்துத் தேர்ந்தெடுப்போம். (சரியாகத்தான் சொல்கிறேன் என்று நினைக்கிறேன். பிழையிருந்தால் நண்பர்கள் திருத்தலாம்.)

அந்த வருடம் செயலர் பதவிக்கு தேவராஜ் அண்ணனும் பொன்னையா சாரும் நின்றார்கள். சம வாக்கு. மறுபடி எண்ணினோம். அதேதான்.

"அவரு செயலரானா எங்க ஆளுங்க ஒருத்தரும் இங்க வரமாட்டாங்க. தனியா ஷெட்டு போட்டு ஜெபம் பண்ணிக்கினு போறோம்" என்றார் தேவராஜ் அண்ணன்.

"தாராளமா போங்க. கதவு திறந்துதான கெடக்கு" என்றார் பொன்னையா சார்.

சபை உடையப் போகிறது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆயர் எழுந்தார்.

"யூதாஸோட இடத்துக்கு ஆள் எடுக்க, சீஷர்கள் சீட்டுதான் போட்டாங்க. நாமளும் போடுவோம்."

"அப்ப நாங்க யூதாஸ் எடத்துக்கா நிக்கிறோம், ஐயரே?" என்று ஆயரைக் கேட்டார் தேவராஜ் அண்ணன்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே ஆயர், "மூணு சீட்டு போடுறேன். மூணாவது யாருன்னு கேக்கக் கூடாது. எது வந்தாலும் ரெண்டு பேரும் கட்டுப்படணும்" என்றார். இருவரும் தலையாட்டினார்கள்.

ஆயரின் மனைவி, எங்கள் ஆயர் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தார்கள். ஆயர் பிரித்து வாசித்தார்.

என் பெயர்.

அதே பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்...

"ஐயா, எனக்குப் பயமா இருக்கு."

"பயப்படாத ரெண்டு பேரத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோமே" என்றார் ஆயர்.

"இன்னா சார், மூஞ்சி வெளுத்துப்போச்சு? நாங்க கீறோம்ல" என்று தேவராஜ் அண்ணன் முதுகில் தட்டினார். பொன்னையா சார் கை கொடுத்தார். ஒருவரிடம் ஒருவர் தோற்கவில்லை. இருவருக்கும் அது போதுமாக இருந்தது. அடுத்த ஞாயிறு இரண்டு குடும்பமும் வழக்கமான பெஞ்சில்.

மற்ற இரண்டு சீட்டுகளும் ஆயரின் அங்கிப் பைக்குள் போய்விட்டன. அவற்றிலும் என் பெயர்தான் இருந்ததோ? கேட்கத் துணியவில்லை. இன்று அவரும் இல்லை.

போன மாதம் சபைத் தேர்தல். இரண்டு அணிகள், ஃப்ளெக்ஸ், பிரியாணி... வாக்குப் பெட்டிக்குக் கேமரா, வெளியிலிருந்து தேர்தல் அதிகாரி. எண்ணும்போது நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பிழை சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். இடப்பக்க பெஞ்சுகள் முழுக்கக் காலி. தோற்ற அணி நசரத்பேட்டையில் மண்டபம் பிடித்துத் தனி ஆராதனை தொடங்கிவிட்டதாம். அதில் என் மகன் குடும்பமும் உண்டு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திருவிருந்துக்கு முழங்காலிட்டேன். இப்போதைய ஆயர் இளவயதுக்காரர். என் கையில் அப்பத்தை வைத்துவிட்டு, பழக்கத்தில் அடுத்ததை, எப்போதும் என் பக்கத்தில் முழங்காலிடும் மகனுக்காக எடுத்து நீட்டினார்... எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.